முதல் மூச்சைக் காத்த மாதரசி

பிரசவ அறைக்கு வெளியே தகப்பன் காத்து நிற்கிறான். பாட்டி கைகூப்பிக் கடவுளை வேண்டிக்கொண்டு இருக்கிறாள். எல்லோருடைய காதும் கதவின் பக்கமே இருக்கிறது. எதற்காக?

குழந்தையின் அழுகைச் சத்தத்துக்காக!

ஓர் அழுகையைக் கேட்டு வீடே சிரிப்பது அந்த ஒரு தடவைதான். குழந்தை அழுதால், அது மூச்சு விட்டுவிட்டது என்று அர்த்தம்.

அழாவிட்டால்?

சில குழந்தைகள் பிறந்ததும் அழுவதில்லை. உடம்பு நீலம் பாய்ந்து இருக்கும். கை, கால்கள் வாடிய கீரைத்தண்டு போலத் துவண்டு கிடக்கும். மூச்சு இருக்காது. ஆனால் நெஞ்சுக்குள் இருதயம் மெல்லத் துடித்துக்கொண்டு இருக்கும்.

1950-ம் ஆண்டு வாக்கில், அமெரிக்காவின் பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட இப்படிப்பட்ட குழந்தைகள் பல கைவிடப்பட்டன. பிழைக்காது என்று ஒதுக்கி வைக்கப்பட்டன. செத்துப் பிறந்தவை என்று எழுதப்பட்டதும் உண்டு.

அந்த நிலைமையை மாற்றியவர் ஒரு பெண் டாக்டர். அவர் பெயர் வர்ஜீனியா அப்கார்.

அவர் பெரிய யந்திரம் எதையும் கண்டுபிடிக்கவில்லை. அவர் கண்டுபிடித்தது ஒரு சின்னக் கணக்கு. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் மார்க்கு போடுவது போல, பிறந்த குழந்தைக்கு மார்க்கு போடும் கணக்கு. அது உலகம் முழுவதும் பரவியது. எண்ணற்ற குழந்தைகளுக்கு உயிர்ப் பிச்சை தந்தது.

வீட்டுக்குள் ஆராய்ச்சிக்கூடம்

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் வெஸ்ட்பீல்டு என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கே 1909-ம் ஆண்டு ஜூன் மாதம் 7-ந் தேதி வர்ஜீனியா பிறந்தார்.

தகப்பனார் சார்லஸ் அப்கார், இன்ஷூரன்ஸ் துறையில் உத்தியோகம் பார்த்தவர். ஆனால் அவருடைய மனம் முழுவதும் விஞ்ஞானத்தில் இருந்தது. வீட்டின் கீழ் அறையை ஆராய்ச்சிக்கூடமாக மாற்றி வைத்திருந்தார். டெலஸ்கோப் செய்வார். மின்சாரத்தையும் ரேடியோவையும் வைத்து விதவிதமாகச் சோதனை நடத்துவார்.

சங்கீதமும் அந்த வீட்டில் உண்டு. குடும்பத்தினர் ஒன்றாக உட்கார்ந்து வாத்தியம் வாசிப்பார்கள். வர்ஜீனியாவும் சிறு வயதிலேயே வயலின் கற்றுக்கொண்டார். அது சாகும் வரையில் அவரை விட்டுப் போகவில்லை.

அந்த வீட்டில் துக்கமும் இருந்தது. வர்ஜீனியாவின் அண்ணன் ஒருவன் சின்ன வயதிலேயே காச நோயால் இறந்துபோனான். இன்னொருவன் தீராத நோயால் அவதிப்பட்டான். டாக்டர்கள் அடிக்கடி வந்துபோன வீடு அது. பள்ளிப் படிப்பை முடிக்கும்போதே, டாக்டர் ஆவது என்று வர்ஜீனியா முடிவு செய்துவிட்டார்.

பூனை பிடித்த மாணவி

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் உள்ள மவுண்ட் ஹோலியோக் என்ற பெண்கள் கல்லூரியில் அவர் விலங்கியல் படித்தார். பணக் கஷ்டம் இருந்தது. ஆகவே படித்துக்கொண்டே பல வேலைகள் செய்தார்.

அதில் ஒன்று வேடிக்கையானது. கல்லூரிச் சோதனைச்சாலைக்குப் பூனைகள் தேவைப்பட்டன. தெருவில் திரியும் பூனைகளைப் பிடித்துக் கொடுக்கும் வேலையை வர்ஜீனியா ஏற்றுக்கொண்டார்!

1929-ம் ஆண்டு நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அவருடைய வகுப்பில் 90 பேர். அவர்களில் பெண்கள் 9 பேர்தான்.

அவர் சேர்ந்த சில வாரங்களில் நியூயார்க் பங்கு மார்க்கெட் சரிந்தது. அமெரிக்கா முழுவதும் பணமுடை. வர்ஜீனியா கடன் வாங்கிப் படித்தார். 1933-ம் ஆண்டு வகுப்பில் 4-வது இடம் பெற்றுத் தேறினார். கையில் டாக்டர் பட்டம் இருந்தது. தலையில் சுமார் 4,000 டாலர் கடனும் இருந்தது.

கத்தி கை மாறியது

அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. ஆஸ்பத்திரியில் அந்தப் பயிற்சியில் நன்றாகவே தேறிவந்தார்.

ஆனால் அங்கே தலைமை அறுவை டாக்டராக இருந்த ஆலன் விப்பிள் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். தம்மிடம் பயிற்சி பெற்ற வேறு பெண்கள் தொழிலில் பிழைக்க முடியாமல் தவித்ததை அவர் பார்த்திருந்தார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணிடம் உடம்பைக் கொடுத்து வெட்டிக்கொள்ள நோயாளிகள் தயங்கினார்கள்.

மயக்க மருந்துத் துறைக்குப் போகும்படி அவர் யோசனை சொன்னார். அப்போது அந்த வேலையைப் பெரும்பாலும் நர்சுகளே செய்துவந்தார்கள். மயக்க மருந்து கொடுப்பதில் கெட்டிக்கார டாக்டர்கள் வந்தால்தான் அறுவைச் சிகிச்சை வளரும் என்பது அவருடைய எண்ணம். வர்ஜீனியாவிடம் அந்தத் திறமையை அவர் கண்டிருந்தார்.

கடன்காரப் பெண்ணுக்கு வேறு வழி இல்லை. ஒப்புக்கொண்டார்.

மாடிசன் நகரத்திலும் நியூயார்க்கிலும் அந்தத் துறையின் பெரிய நிபுணர்களிடம் பயிற்சி பெற்றார். 1938-ம் ஆண்டு கொலம்பியா ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து மயக்க மருந்துப் பிரிவின் தலைவர் ஆனார். அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பிரிவுக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான்.

தலைவர் என்று பெயர். ஆனால் தொடக்கத்தில் அவருக்குக் கீழே டாக்டர்கள் யாரும் கிடையாது! அவர் ஒருவரே ஓடி ஓடி வேலை செய்தார். இளம் டாக்டர்களுக்குக் கற்றுக் கொடுத்தார். 11 ஆண்டுகள் பாடுபட்டு அந்தப் பிரிவை வளர்த்தார்.

மயக்க மருந்து டாக்டரின் வேலை நோயாளியைத் தூங்க வைப்பது மட்டும் அல்ல. தூங்கும் நோயாளி மூச்சு விடுகிறாரா என்று ஒவ்வொரு விநாடியும் பார்க்க வேண்டும். மூச்சு நின்றால் குழாய் வைத்து, காற்றை உள்ளே செலுத்தி, நுரையீரலை இயக்க வேண்டும். அந்தக் கலையில் அவர் தேர்ந்தவர் ஆனார்.

பிற்காலத்தில் அது குழந்தைகளுக்கு உதவப்போகிறது என்று அப்போது அவருக்குத் தெரியாது.

கை நழுவிய பதவி

1949-ம் ஆண்டு அந்தப் பிரிவு தனித் துறையாக உயர்த்தப்பட்டது. பாடுபட்டு வளர்த்தவருக்குத்தான் தலைமைப் பதவி கிடைக்கும் என்று பலரும் எண்ணினார்கள். கிடைக்கவில்லை. வேறு ஒரு டாக்டர் தலைவர் ஆனார். அவர் ஓர் ஆண்.

வர்ஜீனியாவுக்குப் பேராசிரியர் பதவி தந்தார்கள். அந்த மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியர் ஆன முதல் பெண் அவர்தான். பெருமைதான். ஆனாலும் தலைமைப் பதவி கைநழுவிப் போனது போனதுதான்.

அவர் மூலையில் உட்கார்ந்து அழவில்லை. நிர்வாகத் தொல்லை ஒழிந்தது என்று பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனார். பிள்ளை பெறும் தாய்மார்களுக்கு மயக்க மருந்து கொடுக்கும் முறையை ஆராயத் தொடங்கினார்.

அங்கே ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்தியது.

பிரசவம் முடிந்ததும் டாக்டர்களும் நர்சுகளும் தாயைக் கவனிக்கிறார்கள். ரத்தப்போக்கு நின்றதா, நாடி எப்படி இருக்கிறது என்று பார்க்கிறார்கள். குழந்தையை யார் பார்க்கிறார்கள்? அதற்கென்று ஒருவரும் இல்லை!

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் குழந்தைச் சாவுகள் குறைந்துகொண்டு வந்தன. ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் நடக்கும் சாவு மட்டும் குறையவே இல்லை. இது ஏன் என்று அவர் யோசித்தார்.

முதல் மூச்சு

தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தை நுரையீரலால் மூச்சு வாங்குவது இல்லை. தாயின் ரத்தத்தில் இருக்கும் பிராணவாயு, தொப்புள் கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது. குழந்தையின் நுரையீரலில் அப்போது காற்று இருக்காது. நீர்தான் இருக்கும்.

பிறந்ததும் ஒரு சில விநாடிகளில் எல்லாம் மாற வேண்டும். குழந்தை மூச்சை இழுக்க வேண்டும். நீர் விலகி, நுரையீரல் விரிந்து, அதற்குள் காற்று நிறைய வேண்டும். இனிமேல் தாயின் பிராணவாயு கிடையாது. சொந்தச் சம்பாத்தியம்தான்!

அந்த மூச்சு வராவிட்டால் ஆபத்து. ரத்தத்தில் பிராணவாயு குறையும். கரியமில வாயு கூடும். ரத்தத்தில் அமிலம் ஏறும். இருதயம் தளரும். நீடித்தால் மூளை கெடும். கடைசியில் உயிரே போகும்.

அந்தக் காலத்தில் இதற்குச் செய்த வைத்தியங்கள் விபரீதமானவை. காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி அடிப்பார்கள். சுடுநீரிலும் குளிர்ந்த நீரிலும் மாறி மாறி முக்குவார்கள். பிஞ்சு உடம்பு அதைத் தாங்குமா?

குழந்தைக்குத் தேவை அடி அல்ல, காற்று!

மூக்கிலும் வாயிலும் அடைப்பு இருந்தால் அதை நீக்க வேண்டும். முகத்தில் சிறு மூடியை வைத்து மெதுவாகக் காற்றைச் செலுத்த வேண்டும். அதிலும் பலன் இல்லையானால், மெல்லிய குழாயை மூச்சுக் குழலுக்குள் விட்டு அதன் வழியாகக் காற்றைக் கொடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு அப்கார் அம்மையார் தினந்தோறும் செய்துவந்த வேலைதான் இது.

நுரையீரலுக்குள் காற்று போய்விட்டால் என்ன நடக்கும்? முதலில் இருதயத் துடிப்பு வேகம் பிடிக்கும். பிறகு நீலம் மறையும். பிறகு குழந்தை அழும்!

எந்தக் குழந்தைக்கு இந்த உதவி தேவை, எதற்குத் தேவை இல்லை? இதை எப்படிச் சட்டென்று கண்டுபிடிப்பது? ஒரு டாக்டர் நன்றாக இருக்கிறது என்பார். அதே குழந்தையைப் பார்த்து இன்னொருவர் மோசம் என்பார். எல்லோருக்கும் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை.

சாப்பாட்டு மேஜையில் பிறந்த கணக்கு

1949-ம் ஆண்டு ஒருநாள் காலை. ஆஸ்பத்திரியின் சாப்பாட்டு விடுதியில் அப்கார் அம்மையார் பலகாரம் சாப்பிட்டுக்கொண்டு இருந்தார். மருத்துவ மாணவர் ஒருவர் அவரிடம் ஒரு சந்தேகம் கேட்டார். பிறந்த குழந்தையின் நிலைமையை எப்படி மதிப்பிடுவது என்பதுதான் அது.

அது சுலபம் என்று சொல்லி, கைக்கு எட்டிய காகிதத் துண்டு ஒன்றை அம்மையார் எடுத்தார். அதில் 5 குறிப்புகளை எழுதினார். எழுதி முடித்ததும், அதைச் சோதித்துப் பார்க்கப் பிரசவ அறைக்கு விரைந்தார்.

அந்த ஐந்தும் இவைதான்.

ஒன்று, இருதயத் துடிப்பு. துடிப்பே இல்லை என்றால் பூஜ்யம். நிமிஷத்துக்கு 100-க்குக் கீழே என்றால் 1. அதற்கு மேலே என்றால் 2.

இரண்டு, மூச்சு. இல்லாவிட்டால் பூஜ்யம். விட்டு விட்டு வந்தால் 1. நன்றாக மூச்சு விட்டு அழுதால் 2.

மூன்று, கை கால்களின் முறுக்கு. துவண்டு கிடந்தால் பூஜ்யம். கொஞ்சம் மடங்கினால் 1. நன்றாக உதைத்தால் 2.

நான்கு, தொட்டால் சிணுங்குவது. உணர்ச்சி இல்லாவிட்டால் பூஜ்யம். முகம் சுளித்தால் 1. தும்மினாலோ, இருமினாலோ, வீறிட்டாலோ 2.

ஐந்து, உடம்பின் நிறம். நீலமாகவோ வெளிறியோ இருந்தால் பூஜ்யம். உடம்பு தெளிந்து, கை கால் மட்டும் நீலமாக இருந்தால் 1. உடம்பு முழுவதும் தெளிந்துவிட்டால் 2. கறுத்த மேனியுள்ள குழந்தைகளுக்கு உதட்டையும் நாக்கையும் பார்த்தால் தெரிந்துவிடும்.

மொத்தம் 10 மார்க்கு. குழந்தை பிறந்து சரியாக ஒரு நிமிஷத்தில் இதைப் போட வேண்டும். பிறகு 5-வது நிமிஷத்தில் மறுபடியும் பார்க்கும் வழக்கமும் ஏற்பட்டது.

இதற்கு யந்திரம் வேண்டாம். ரத்தச் சோதனை வேண்டாம். கண்ணும் காதும் கையும் போதும். எந்த நர்சும் கற்றுக்கொள்ளலாம்!

அம்மையார் இன்னொன்றையும் கவனித்தார். பிரசவம் பார்த்த டாக்டரையே மார்க்கு போடச் சொன்னால், அவர் தாராளமாகப் போட்டுவிடுகிறார். தம் கையால் எடுத்த குழந்தை நன்றாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான் காரணம். ஆகவே வேறு ஒருவர்தான் மார்க்கு போட வேண்டும் என்று விதி செய்தார்.

இதன் பலன் என்ன? முதல் தடவையாகக் குழந்தையைப் பார்ப்பதற்கென்றே பிரசவ அறையில் ஓர் ஆள் வந்தார். குழந்தைக்கு 2 மார்க்கு என்று காகிதத்தில் எழுதிய பிறகு யாரால் சும்மா இருக்க முடியும்? அந்த 2-ஐ 5 ஆக்க வேண்டும், 5-ஐ 8 ஆக்க வேண்டும் என்று டாக்டர்கள் முனைந்தார்கள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும் மூச்சு கொடுத்துப் பார்த்தார்கள். பல பிழைத்தன!

1952-ம் ஆண்டு டாக்டர்கள் கூட்டம் ஒன்றில் அம்மையார் இந்த முறையை விளக்கினார். 1953-ம் ஆண்டு அது கட்டுரையாக வெளிவந்தது. நிறைமாதக் குழந்தைகளில் 0, 1, 2 மார்க்கு வாங்கியவற்றில் 100-க்கு 14 இறந்தன. 8, 9, 10 வாங்கியவற்றில் ஏறத்தாழ 1,000-க்கு ஒன்றுதான் இறந்தது. மார்க்கு பொய் சொல்லவில்லை!

ரத்தம் சொன்ன சாட்சி

ஆனாலும் சில டாக்டர்கள் இதை முழுவதும் நம்பவில்லை. பிறந்த குழந்தையின் ரத்தத்தில் பிராணவாயு குறைவாக இருப்பது இயற்கைதான், அதைப் பிள்ளை தாங்கிக்கொள்ளும் என்ற எண்ணம் அப்போது இருந்தது.

அது சரிதானா என்று பார்க்க அம்மையார் விரும்பினார். டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் என்ற இரண்டு டாக்டர்கள் அவருடன் சேர்ந்தார்கள். ஹாலடே, துளி ரத்தத்தில் உள்ள வாயுக்களை அளப்பதில் வல்லவர். ஜேம்ஸ், நியூசிலாந்திலிருந்து வந்த குழந்தை வைத்தியர்.

தொப்புள் கொடியில் உள்ள ரத்தக் குழாய்க்குள் நூல் போன்ற குழாயைச் செலுத்தி, ஒரு சிறிது ரத்தம் எடுத்தார்கள். அதைச் சோதித்தார்கள்.

உண்மை வெளிப்பட்டது. மார்க்கு குறைந்த குழந்தைகளின் ரத்தத்தில் பிராணவாயு குறைவு. அமிலமோ அதிகம். இது இயற்கை அல்ல, ஆபத்து. காத்திருக்கக் கூடாது. உடனே மூச்சு கொடுக்க வேண்டும். கண்ணால் பார்த்துப் போட்ட மார்க்குக்கு ரத்தமே சாட்சி சொல்லிவிட்டது!

பிறகு அமெரிக்காவில் 12 ஆஸ்பத்திரிகள் சேர்ந்து 17,221 குழந்தைகளை ஆராய்ந்தன. குழந்தை பிழைக்குமா என்பதை, முக்கியமாக 5-வது நிமிஷ மார்க்கு, நன்றாகக் காட்டுகிறது என்று அந்த ஆராய்ச்சியில் தெரிந்தது.

பிடித்த மருந்துக்கு விடை

இந்த ஆராய்ச்சி அம்மையாரின் கையையே சுட்டது.

சைக்ளோபுரோப்பேன் என்று ஒரு மயக்க வாயு. தாய்மார்களுக்குக் கொடுப்பதற்கு அது நல்லது என்று அவர் நம்பியிருந்தார். அது அவருக்கு மிகவும் பிடித்த மருந்து.

கணக்கைப் பார்த்தபோது, அந்த வாயுவை மூச்சில் வாங்கிய தாய்மார்களின் குழந்தைகள் சோர்ந்து பிறப்பது தெரிந்தது. மார்க்கும் குறைவு.

வேறு ஒருவராக இருந்தால் கணக்கில் பிழை தேடியிருப்பார். அம்மையார் அப்படிச் செய்யவில்லை. பிரசவத்துக்கு அந்த வாயுவைக் கொடுப்பதை நிறுத்திக்கொண்டார். தம்முடைய பெருமையைவிடக் குழந்தையின் மூச்சு அவருக்குப் பெரிதாக இருந்தது.

பெயர் ஆளானது

1962-ம் ஆண்டு ஜோசப் பட்டர்பீல்டு என்ற குழந்தை வைத்தியர் ஒரு வேடிக்கை செய்தார். ஆங்கிலத்தில் அப்கார் என்ற பெயருக்கு 5 எழுத்துகள். மார்க்கு போட வேண்டிய குறிப்புகளும் ஐந்து! நிறம், நாடி, முகச்சுளிப்பு, அசைவு, மூச்சு ஆகிய ஐந்துக்கும் அந்த எழுத்துகளில் தொடங்கும் ஆங்கிலச் சொற்களைப் பொருத்திவிட்டார். மாணவர்கள் மனப்பாடம் செய்ய அது வசதியாகப் போயிற்று.

இதனால் ஒரு குழப்பமும் உண்டாயிற்று. அப்கார் என்பது ஒரு மனிதருடைய பெயர் என்பதே பலருக்குத் தெரியாமல் போனது. அம்மையார் நேரில் போய் நின்றபோது வியந்தவர்களும் உண்டு. அவர் அதைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

டெலிபோன் பலகைத் திருட்டு!

அம்மையார் சிரிக்கத் தெரிந்தவர். வேகமாகப் பேசுவார். வேகமாக நடப்பார். போகும் இடமெல்லாம் பையில் ஒரு பேனாக் கத்தியும் மூச்சுக் குழாயும் வைத்திருப்பார். வழியில் எவருக்காவது மூச்சு அடைத்தால் உடனே உதவ வேண்டும் அல்லவா?

ஒரு தடவை அவர் திருட்டுக்கும் துணை போனார்!

கார்லீன் ஹட்சின்ஸ் என்ற பெண், சிகிச்சைக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தார். அவர் தம் கையாலேயே வயலின் போன்ற வாத்தியங்கள் செய்பவர். இருவரும் சினேகிதிகள் ஆனார்கள். அம்மையாரும் வாத்தியம் செய்யக் கற்றுக்கொண்டார். தூங்கும் அறையே தச்சுப் பட்டறை ஆனது.

1957-ம் ஆண்டு. ஆஸ்பத்திரியின் டெலிபோன் கூண்டில் ஒரு பலகை இருந்தது. அருமையான மேப்பிள் மரம். வாத்தியத்தின் முதுகுக்கு அதைவிட நல்ல மரம் கிடைக்காது என்று ஹட்சின்ஸ் கண்டுகொண்டார். நிர்வாகம் தர மறுத்தது.

இரவில் இருவரும் வந்தார்கள். அதே மாதிரிச் சாயம் பூசிய வேறு பலகை ஒன்றும் கொண்டுவந்தார்கள். அம்மையார் டாக்டர் உடையில் வெளியே காவல் நின்றார். ஹட்சின்ஸ் பழைய பலகையைக் கழற்றினார். புதிய பலகையோ சற்று நீளம்! பெண்கள் கழிப்பறைக்குள் போய் அதை ரம்பத்தால் அறுத்தார். அந்த வழியாக வந்த நர்சு ஒருத்தி, ரம்பச் சத்தத்தைக் கேட்டுத் திகைத்தாள். பழுது பார்ப்பவர்கள் ராத்திரியில்தான் வேலை செய்ய முடியும் என்று சொல்லி அம்மையார் சமாளித்தார்.

அந்தப் பலகை வாத்தியமாகிப் பாடியது. அம்மையார் இப்படி 4 வாத்தியங்கள் செய்தார்.

50 வயதில் மறுபடியும் மாணவி

கொலம்பியாவில் இருந்த நாளில், 17,000-க்கும் அதிகமான பிரசவங்களில் அவர் கூட இருந்தார். அவர் தாமே கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பிள்ளை பெறவில்லை. வயதான தாயாரைத் தம்முடன் வைத்துக் காப்பாற்றினார்.

1959-ம் ஆண்டு, 50-வது வயதில், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் படித்துப் பட்டம் பெற்றார்.

பிறகு மார்ச் ஆப் டைம்ஸ் என்று பெயர் பெற்ற தர்ம ஸ்தாபனத்தில் சேர்ந்தார். அது 1938-ம் ஆண்டு இளம்பிள்ளைவாத நோயை எதிர்த்து ஏற்பட்டது. தடுப்பு ஊசி வந்து அந்த நோய் அடங்கியதும், பிறவிக் குறைகளைத் தடுக்கும் வேலையில் அது இறங்கியிருந்தது.

அம்மையார் ஊர் ஊராகப் போனார். டாக்டர்கள் கூட்டத்திலும் பேசினார். தாய்மார்கள் கூட்டத்திலும் பேசினார். பிறவிக் குறை என்பது யாருடைய பாவமும் அல்ல, மறைத்து வைக்க வேண்டியதும் அல்ல என்று எடுத்துச் சொன்னார். 1964, 1965-ம் ஆண்டுகளில் அமெரிக்காவில் ருபெல்லா என்ற அம்மை பரவியது. கர்ப்பிணிகளுக்கு அது வந்ததால் ஆயிரக்கணக்கான குழந்தைகள் குறையுடன் பிறந்தன. தடுப்பு ஊசியின் அவசியத்தை அம்மையார் எங்கும் வற்புறுத்தினார். 1972-ம் ஆண்டு, பெற்றோர்களுக்காக ஒரு புத்தகமும் எழுதினார்.

50 வயதுக்கு மேல் ஆகாய விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார்!

1974-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி, தாம் படித்து, பணியாற்றிய அதே கொலம்பியா ஆஸ்பத்திரியில் அம்மையார் காலமானார். அப்போது அவருக்கு வயது 65.

அவர் தபால்தலை சேர்ப்பதில் ஆசை உள்ளவர். 1994-ம் ஆண்டு அமெரிக்க அரசாங்கம் அவருடைய உருவத்தையே தபால்தலையில் வெளியிட்டது. அதன் விலை 20 சென்ட்.

இன்றைய நிலை

அம்மையார் இறந்த அதே 1974-ம் ஆண்டில் இன்னொரு நன்மை பிறந்தது. ரத்தத்தில் உள்ள பிராணவாயுவை ஊசி குத்தாமல், வெளிச்சத்தைப் பாய்ச்சியே அளக்கும் முறையை ஜப்பானைச் சேர்ந்த தகுவோ அவோயாகி வெளியிட்டார். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அதிலிருந்து வந்ததுதான். பிறந்த குழந்தையின் வலது கையிலும் அதைக் கட்டிப் பார்க்கிறார்கள்.

அளவுக்கு மிஞ்சினால் பிராணவாயுவும் ஆபத்துதான். 1940-ம் ஆண்டுகளிலும் 1950-ம் ஆண்டுகளிலும் அதை அதிகமாகக் கொடுத்ததால், குறைமாதத்தில் பிறந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் கண் பார்வையை இழந்தன. ஆகவே இன்று அளந்து கொடுக்கிறார்கள். நிறைமாதக் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும்போது, முதலில் சாதாரணக் காற்றையே கொடுக்கிறார்கள்.

இன்னொரு மாற்றமும் உண்டு. குழந்தை மூச்சு விடாவிட்டால், மார்க்கு போடும் வரை காத்திருப்பது இல்லை. முதல் நிமிஷத்துக்குள்ளேயே சிகிச்சை தொடங்கிவிடுகிறது. கொடுத்த சிகிச்சை பலித்ததா என்று பார்க்க மார்க்கு உதவுகிறது.

பெற்றோர்கள் ஒன்றை ஞாபகத்தில் வைக்க வேண்டும். இது படிப்பு மார்க்கு அல்ல. முதல் நிமிஷத்தில் மார்க்கு குறைந்தால் குழந்தை மந்தம் ஆகிவிடும் என்று பயப்படக் கூடாது. பிறந்தபோது 3 மார்க்கு வாங்கி, 5-வது நிமிஷத்தில் 8 வாங்கி, பிறகு ஓடி விளையாடும் குழந்தைகள் எத்தனையோ!

உங்கள் வீட்டில் ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தை இருந்தால், அதன் பிரசவச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அப்கார் என்று எழுதி, பக்கத்தில் 8, 9 என்பது போல இரண்டு எண்கள் போட்டிருக்கலாம்.

உங்கள் குழந்தை முதல் மூச்சு விட்ட நேரத்தில், யாரோ ஒருவர் அதை அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றார் என்பதற்கு அந்த எண்களே அடையாளம். அப்படி ஒருவரை அங்கே நிற்க வைத்தவர்தான் வர்ஜீனியா அப்கார்.